58 குருவியைக் கொண்டுபோய் விட்டாச்சு, இப்போ தீவுல எத்தனை இருக்கு?

2004ல செஷல்ஸ் நாட்டுல கசின்ங்கற குட்டித் தீவுல இருந்து 58 கதிர்க்குருவியைப் பிடிச்சு டெனிஸ்ங்கற இன்னொரு தீவுல கொண்டுபோய் விட்டாங்க. விட்டு முடிச்ச அன்னைக்கு டெனிஸ்ல எத்தனை செஷல்ஸ் கதிர்க்குருவி இருக்குன்னு கேட்டிருந்தா யோசிக்காம 58ன்னு சொல்லியிருக்கலாம். அந்த மாதிரி அடிச்சு சொல்ற வாய்ப்பு அதுக்கப்புறம் வராது. அடுத்த சீசன்லயே குஞ்சு பொரிக்கும், சிலது செத்துப்போகும், கால்ல அடையாள வளையம் போடாத பறவைங்க காட்டுக்குள்ள கூடிக்கிட்டே போகும், அஞ்சு வருஷம் கழிச்சு யாராவது "ஒரு ஹெக்டேருக்கு எத்தனை?"ன்னு கேட்டா பதில் சொல்ல தனியா ஒரு ஆராய்ச்சியே பண்ணணும். அந்த ஆராய்ச்சி எப்படி நடக்குது, எங்கெல்லாம் சறுக்கும்னு சொல்றதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல பறவையைப் பத்தி கொஞ்சம். குளிர்காலத்துல நம்ம ஊர் புதருக்குள்ள இருந்து "சக், சக்"னு சத்தம் மட்டும் குடுத்துட்டு ஆள் கண்ணுல படாம இருக்குமே பிளித் நாணல் கதிர்க்குருவி, அதே பேரினம்தான் இதுவும். சுமார் 15 கிராம் எடை, பழுப்பு நிறம், பகட்டா எதுவுமே கிடையாது. தேங்காய்த் தோட்டம் போடறதுக்காக தீவுத் தீவா காட்டை அழிச்சதுல இது கசின் ஒண்ணுல மட்டும் மிஞ்சி நின்னுச்சு, அந்தத் தீவோட மொத்த பரப்பே 29 ஹெக்டேர், நம்ம கணக்குல 72 ஏக்கர் கூட முழுசா வராது. 1968ல எண்ணினப்போ 26 பறவைதான். அதே வருஷம் பன்னாட்டுப் பறவைப் பாதுகாப்பு கவுன்சில், அதாவது இன்னைக்கு பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல்னு சொல்றோமே அவங்க, தீவையே விலைக்கு வாங்கிட்டாங்க. தென்னையை விலக்கிட்டு பழைய காட்டைத் திரும்ப வளர விட்டாங்க, அதுல முக்கியமான மரம் பிசோனியா (நம்ம ஊர்ல வீட்டு வாசல்ல வெச்சு வளர்க்குற லச்சக்கொட்டை கீரை மரத்தோட சொந்தக்காரன்). 1982 வாக்குல குருவி சுமார் 320 ஆயிடுச்சு. அதுக்கு மேல ஏறல, ஏன்னா இடம் நிரம்பிடுச்சு.

ஒரே தீவுல ஒரு இனம் மொத்தமும் இருக்கறது ஆபத்து. ஒரு புயல், ஒரு நோய், இல்ல படகுல ஒளிஞ்சு வந்த ஒரு எலிக் குடும்பம், முடிஞ்சுது கதை. அதனால 1988ல அரீட் தீவுக்கு 29, 1990ல கசீன் தீவுக்கு (கசினுக்குப் பக்கத்துலயே இருக்குற வேற தீவு, பேர்ல குழம்பிடாதீங்க) 29, 2004ல டெனிஸுக்கு 58, 2011ல ஃப்ரீகேட்டுக்கு 59ன்னு பிரிச்சு அனுப்பினாங்க. இந்த ஆராய்ச்சியோட ஆரம்ப காலத்துல இருந்து அடிபடற பேர் நெதர்லாந்தைச் சேர்ந்த பறவை ஆய்வாளர் யான் கோம்டர். மனுஷங்க எதுக்கு தூக்கிட்டுப் போகணும், பறவைதானே, தானே பறந்து போகாதான்னு கேட்கலாம். கசினுக்கும் கசீனுக்கும் நடுவுல 1.6 கிலோமீட்டர் கடல்தான், ஆனா வளையம் போட்ட பறவையில ஆயிரத்துல ஒண்ணு அளவுக்குத்தான் தீவு மாறியிருக்கு. இறக்கை இருந்தும் கடலைத் தாண்ட மனசு வரல போல. கணக்கு எடுக்கறவங்களுக்கு இது ஒரு வரம்னே சொல்லலாம், வெளிய இருந்து யாரும் வரல, உள்ள இருந்து யாரும் போகல, பிறப்பு இறப்பு மட்டும்தான் கணக்கு.

இவ்வளவு வசதி இருந்தும் ஏன் கஷ்டம்? எண்ணுறதும் மதிப்பிடறதும் வேற வேற வேலை, அதனாலதான். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புல கலந்துக்கிட்டவங்களுக்கு இது தெரியும், 15 நிமிஷம் நின்னு கண்ணுல பட்டது, காதுல விழுந்தது எல்லாம் எழுதுவோம். அந்த லிஸ்ட்ல "தவிட்டுக்குருவி 7"ன்னு இருந்தா ஏழு பதிவாச்சுன்னுதான் அர்த்தம், அங்க இருந்ததே ஏழுதான்னு ஆகாது. இலைக்கு நடுவுல சத்தமில்லாம உட்கார்ந்திருந்தது எத்தனைன்னு அந்த எண்ணுக்குத் தெரியாது. ஒரே இடத்துல வருஷா வருஷம் ஒரே மாதிரி பண்ணினா ஏறுதா இறங்குதான்னு ஒரு போக்கு கிடைக்கலாம், ஆனா காடு அடர்த்தியாயிட்டே வந்தா பார்வைக்குத் தப்புறதும் கூடும், அப்போ அந்தப் போக்கே பொய் சொல்லும். பறவையை இடம் மாத்தி விட்ட தீவுகள்ல அடிக்கடி இதுதான் நிலைமை, பறவையும் பெருகும், அதுக்காக மீட்டெடுத்த காடும் கூடவே வளரும்.

பார்க்காம விட்டது எவ்வளவுன்னு கணக்கு பண்ணத்தான் டிஸ்டன்ஸ் சாம்பிளிங்னு ஒரு முறை இருக்கு. யோசனை ரொம்ப எளிமை. ஒரு இடத்துல நின்னு ஒவ்வொரு பறவையும் நம்மகிட்ட இருந்து எவ்வளவு தூரத்துல இருக்குன்னு அளந்து எழுதிக்கணும், அவ்வளவுதான். நம்மளைச் சுத்தி 10 மீட்டர் வரைக்கும் ஒரு வட்டம், 10ல இருந்து 20 வரைக்கும் ஒரு வளையம், இப்படி 50 மீட்டர் வரைக்கும் போட்டா வளையங்களோட பரப்பு 1, 3, 5, 7, 9 மடங்குன்னு கூடிக்கிட்டே போகும். பறவைங்க நம்ம நிக்கற இடத்தைப் பத்திக் கவலைப்படாம பரவியிருந்தா எண்ணிக்கையும் அதே விகிதத்துல கூடணும். ஆனா நம்ம நோட்டுல அப்படிக் கூடியிருக்காது. அந்தக் குறைச்சல்தான் நம்ம கண்ணும் காதும் தவற விட்டது.

விளங்கறதுக்காக நானே போட்ட எண்களோட ஒரு கணக்கு, எந்தத் தீவோட டேட்டாவும் இல்ல. காட்டுக்குள்ள 20 இடத்துல நின்னு மொத்தம் 94 பறவை பார்த்தாச்சுன்னு வெச்சுக்குவோம், உள்வட்டத்துல 9, அடுத்து 25, 28, 21, கடைசி வளையத்துல 11. பக்கத்துல இருந்த 9ல எதையும் விடலன்னு நம்பினா மத்ததுல 27, 45, 63, 81 இருந்திருக்கணும், கூட்டினா 225. ஆக பார்த்தது பத்துல நாலுதான். 50 மீட்டர் ஆரத்துல 20 வட்டம்னா 15.7 ஹெக்டேர். பார்த்ததை மட்டும் வகுத்தா ஹெக்டேருக்கு 6, திருத்தினா 14. ரெண்டு மடங்குக்கு மேல வித்தியாசம், அதுவும் ஒரே நோட்டுல இருந்து!

இதுல எவ்வளவு ஆட்டம் இருக்குன்னும் பாருங்க. உள்வட்டத்துல 9க்குப் பதிலா தற்செயலா 12 மாட்டியிருந்தா 225 இல்ல, 300 ஆயிருக்கும். நிஜத்துல யாரும் முதல் வளையத்தை மட்டும் நம்பி இப்படிப் பண்ணுறதில்ல, எல்லா தூரத்தையும் சேர்த்து, தள்ளிப் போகப் போக கண்ணுல படறது எப்படிக் குறையுதுன்னு காட்டுற ஒரு வளைகோட்டைப் பொருத்துவாங்க, அதுக்கு ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் யூனிவர்சிட்டிக்காரங்க டிஸ்டன்ஸ்ங்கற பேர்லயே ஒரு சாஃப்ட்வேர் இலவசமா குடுக்குறாங்க, இப்போ ஆர் (R)ங்கற புள்ளியியல் நிரல் மொழியிலயும் இருக்கு. வளைகோடு ஓரளவு உருப்படியா வரணும்னா இப்படி நின்னு எண்ணுற முறைக்கு குறைஞ்சது 75ல இருந்து 100 பதிவு வேணும்னு சொல்லுவாங்க. சின்னத் தீவுல அதுவே தகராறு. கசின் அளவு தீவுல 100 மீட்டர் இடைவெளி விட்டு நிக்கற இடம் குறிச்சா முப்பது கூட வராது, ஓரத்துல இருக்குறதுல பாதி வட்டம் கடல்ல விழும், கடல் பரப்பைக் கழிக்க மறந்தா அடர்த்தி குறைவா வரும். பத்தலன்னு அதே இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போகலாம், பதிவு கூடும், ஆனா அதுக்காக இடங்கள் கூடிடாது, இருபது இடம் இருபது இடம்தான், பிழை வரம்பைப் போடும்போது அதை மறைச்சா ஏமாத்து வேலை.

தூரத்தைத் தப்பா அளக்கறது இதை விட மோசம். நின்ன இடத்துல இருந்து எண்ணும்போது பரப்பு தூரத்தோட வர்க்கத்துல போகுது, அதனால எல்லா தூரத்தையும் 10 சதவீதம் குறைச்சு எழுதினா அடர்த்தி 23 சதவீதம் கூடுதலா வரும். இலைக்குப் பின்னாடி இருந்து கத்துற பறவைக்கு லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் உதவாது, குத்துமதிப்புதான். அரீட்ல இன்னொரு கூத்து, அந்தத் தீவுல கூடு கட்ட வர்ற கடல் பறவைங்க மட்டும் பத்து லட்சத்துக்கு மேல. அந்த இரைச்சல்ல 15 கிராம் குருவி பாடுறது எத்தனை மீட்டர் வரைக்கும் கேட்கும்? இரைச்சல் இல்லாத டெனிஸ்ல பழகின காதோட அங்க போய் நின்னா அதே வளைகோடு செல்லாது. தீவுக்குத் தீவு, ஏன், சீசனுக்கு சீசன் தனியா அளக்கணும். தென்கிழக்குக் காத்து அடிக்கற மாசங்கள்ல இலை சத்தமே போதும் காதை அடைக்க.

அப்புறம் பறவையோட குணம். ஆளைப் பார்த்து ஒதுங்கினா அடர்த்தி குறைவா வரும், என்னடா இதுன்னு கிட்ட வந்து பார்த்தா கூடுதலா வரும். நிக்கற இடத்துல பறவை தவறவே தவறாதுன்னு நம்பறோமே, பிசோனியா உச்சியில சத்தம் போடாம புழு பொறுக்குற பறவைக்கு அது பொருந்துமா? இந்தக் குருவி சாப்பிடறதுல கிட்டத்தட்ட எல்லாமே இலைக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்குற பூச்சிங்க, அதனால இலைக்கூட்டத்துக்குள்ளயேதான் இருக்கும். என் பார்வையில இந்த முறையோட பலவீனமான இடம் இதுதான், ஆனா அறிக்கைகள்ல பெரும்பாலும் ஒரு வரியில தாண்டிப் போயிடுவாங்க.

சரி, எல்லைகளை வரைஞ்சு எண்ணிட்டா? ஜோடி ஜோடியா வருஷம் முழுக்க ஒரே இடத்தைக் காவல் காக்குற பறவைதானே, எல்லையைக் கண்டுபிடிச்சு ரெண்டால பெருக்கினா போதுமேன்னு தோணும். கசின்ல அப்படிப் பண்ணினா என்ன ஆகும் பாருங்க. அங்க சுமார் 110 எல்லை இருக்கு, ரெண்டால பெருக்கினா 220. இருக்குறதோ சுமார் 320. மீதி நூறு எங்கன்னா, வளர்ந்த பிள்ளைங்க அப்பா அம்மா எல்லையிலேயே தங்கிடுதுங்க, குறிப்பா பொண்ணுங்க, சிலது அடுத்த குஞ்சுக்கு ஊட்டி விடும், சிலது சும்மா இருக்கும். எல்லை மட்டும் எண்ணினா மூணுல ஒரு பங்கு பறவை கணக்குலயே வராது.

வளையம் வெச்சு எண்ணுறது மூணாவது வழி. டெனிஸ்ல விட்ட 58க்கும் கலர் வளையம் இருக்கு, தீவுல பிறந்ததுக்கு இல்ல, அப்போ பார்க்குற பறவையில வளையம் இருக்குறது எத்தனை பங்குன்னு பார்த்தா மொத்தம் கிடைச்சிடும்னு ஒரு பழைய கணக்கு. நாலுல ஒண்ணுக்கு வளையம் இருந்தா 58ஐ நாலால பெருக்கு, 232. ஆனா இந்தக் குருவியில வளர்ந்தது வருஷத்துக்கு சுமார் 84 சதவீதம்தான் பிழைக்குது (சின்னப் பறவைக்கு இதுவே ரொம்ப அதிகம், 19 வருஷம் வரைக்கும் வாழ்ந்ததும் இருக்கு). அதே விகிதம் டெனிஸ்லயும்னு வெச்சா அஞ்சு வருஷத்துல 58ல சுமார் 24தான் மிச்சம். 58ன்னே வெச்சுப் பெருக்கினவர் 232ன்னு எழுதுவார், நிஜம் நூத்துக்குப் பக்கத்துல இருக்கும். பல திட்டங்கள்ல பறவையைக் கொண்டுபோய் விட்ட ரெண்டு மூணு வருஷத்துக்கு காசு இருக்கும், ஆள் இருக்கும், அப்புறம் வளையம் போடறது நின்னுடும், அங்க இருந்து இந்த முறை வருஷா வருஷம் தேய்ஞ்சுக்கிட்டே போகும்.

கசின் மட்டும் விதிவிலக்கு. 1997ல இருந்து அங்க கிட்டத்தட்ட எல்லாக் குருவிக்குமே வளையம் இருக்கு, பேர் சொல்லிக் கூப்பிடாத குறைதான், யாரு யாருக்குப் பிறந்ததுன்னு மரபணு வெச்சு குடும்ப மரமே வரைஞ்சு வெச்சிருக்காங்க. உலகத்துல காட்டுப் பறவைக்கு உண்மையான எண்ணிக்கை தெரிஞ்ச இடங்கள் ரொம்பக் கம்மி, அதுல இது ஒண்ணு. அதனால எந்த முறையையும் முதல்ல கசின்ல ஓட்டிப் பார்த்து எவ்வளவு தப்புதுன்னு தெரிஞ்சுக்கிட்டு மத்த தீவுக்கு எடுத்துட்டுப் போறது புத்திசாலித்தனம். அதுலயும் கசின்ல கிடைச்ச திருத்த விகிதத்தை அப்படியே டெனிஸ்ல ஒட்டக்கூடாது, கசின் கருங்கல் தீவு, டெனிஸ் தட்டையான பவளத் தீவு, காடு வேற, கூட்டம் வேற.

டெனிஸ்ல அடர்த்திங்கற வார்த்தையே பொறி. தீவு சுமார் 142 ஹெக்டேர், ஆனா ஹோட்டல் இருக்கு, விமான ஓடுதளம் இருக்கு, தென்னை இருக்கு, பண்ணை இருக்கு. எண்ணுறவங்க இயல்பாவே குருவி இருக்குற நல்ல காட்டுல போய்தான் நிப்பாங்க. மேல போட்ட கணக்கையே எடுத்துக்குங்க, காட்டுல ஹெக்டேருக்கு 14, காடு 40 ஹெக்டேர்னா 560 பறவை. அதே 14ஐ தீவு மொத்தத்துக்கும் பெருக்கினா 2,000 பக்கம் போயிடும். ரெண்டு எண்ணுமே ஒரே களப்பணியில வந்ததுதான், வித்தியாசம் வரைபடத்துல எந்தக் கோட்டை "வாழிடம்"னு போட்டாங்கங்கறதுல இருக்கு. அதனால ஒரு அறிக்கையில ஹெக்டேருக்கு இத்தனைன்னு பார்த்தா முதல்ல நான் தேடறது எதால பெருக்கியிருக்காங்கன்னுதான்.

இன்னொண்ணு, தீவு நிரம்பிடுச்சாங்கறதைப் பறவைங்க நடந்துக்கற விதமும் காட்டிக் குடுக்கும், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 1988ல அரீட்ல விட்டப்போ பூச்சி ஏராளம், இடம் ஏராளம், முட்டையைத் தின்னுற ஃபோடிங்கற குருவியும் அங்க இல்ல. வருஷம் முழுக்க முட்டை போட்டுச்சு, பிறந்த பிள்ளைங்க உடனே தனிக்குடித்தனம் போயிடுச்சு, உதவிக்கு வீட்டோட தங்கற பழக்கமே காணோம். நல்ல இடங்கள் எல்லாம் நிரம்பினதுக்கு அப்புறம்தான், பூச்சி நிறைய இருக்குற எல்லைகள்ல பிறந்த பிள்ளைங்க மோசமான இடத்துக்குப் போறதுக்கு அப்பா அம்மா கூடவே இருந்துடலாம்னு மறுபடி தங்க ஆரம்பிச்சுது. அப்போ ஒரு தீவுல அடர்த்தி மதிப்பீடு "இன்னும் பாதி காலி"ன்னு சொல்லுது, ஆனா எல்லைக்கு எல்லை உதவிப் பறவைங்க நிக்குதுன்னா ரெண்டுல ஒண்ணு தப்பு, நான் பறவை பக்கம்தான் நிப்பேன். கூடவே பூச்சியையும் எண்ணலாம், கசின்ல மர வகைக்கு 50 இலையைப் புரட்டி அடியில எத்தனை பூச்சின்னு எண்ணி, இலை அளவோட பெருக்கி, எந்த எல்லை வளமானதுன்னு தரம் பிரிக்கிறாங்க. மெனக்கெடற வேலை, ஆனா அடர்த்தி எங்க போய் நிக்கும்னு முன்கூட்டியே ஒரு யோசனை குடுக்கும்.

அடர்த்தி கூட இருந்தா தீவு நல்லா இருக்குன்னும் எடுத்துக்க முடியாது. கசினும் அரீட்டும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா, 320ஐ 29ஆல வகுத்தா ஹெக்டேருக்கு 11, அரீட்ல 1990களோட கடைசியில சொன்ன சுமார் 1,600ஐ 68 ஹெக்டேரால வகுத்தா 23 தாண்டுது. ஒரே குருவி, ரெட்டிப்பு அடர்த்தி. பூச்சி அதிகம், முட்டை திருடன் இல்லாம தொடங்கிச்சு, அதெல்லாம் காரணமா இருக்கலாம். ஆனா கசின் எண் வளையம் போட்டு ஒவ்வொண்ணா சரிபார்த்து வந்தது, அரீட் எண் தீவுல ஒரு பகுதியைப் பார்த்து மொத்தத்துக்கும் நீட்டினது மாதிரியான மதிப்பீடு, ரெண்டையும் ஒரே தராசுல வைக்கும்போது கை கொஞ்சம் நடுங்கணும்.

இது வெறும் பேப்பர் விவாதம் இல்ல. அஞ்சு தீவுலயும் சேர்த்து சுமார் 3,000 பறவைன்னு சொல்றாங்க, 2015ல ஐயுசிஎன்ங்கற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட சிவப்புப் பட்டியல்ல இந்த இனத்தை அழிவு அபாயத்துக்கு அருகில் உள்ளதுங்கற லேசான வகைக்கு இறக்கியாச்சு. அந்த மூவாயிரத்துல பாதிக்கு மேல அரீட்டோட பங்கு, அதாவது இரைச்சல் அதிகம், வளையம் கம்மி, செங்குத்துப் பாறை நடுவுல நிக்கவே இடமில்லாத தீவு. அங்க மதிப்பீடு மூணுல ஒரு பங்கு கூடுதலா இருந்தாலே கசின்ல இருக்குற மொத்தக் கூட்டத்தை விடப் பெரிய ஓட்டை விழும். அடுத்து எந்தத் தீவுக்கு அனுப்பறது, எங்க இருந்து எத்தனை பிடிக்கறதுங்கற முடிவும் இதே எண் மேலதான் நிக்குது. இது வரைக்கும் நாலு தடவையும் கசின்ல இருந்துதான் பிடிச்சாங்க, பிடிச்ச இடத்தை வீட்டோட தங்கியிருந்த பறவைங்க சீக்கிரமே நிரப்பிடுச்சுங்க, அது அங்க நடக்கும்னு முன்னாடியே தெரியும், ஏன்னா காத்துக்கிட்டு இருக்குறது எத்தனைன்னு எண்ணி வெச்சிருந்தாங்க. டெனிஸ்ல இருந்தோ அரீட்ல இருந்தோ பிடிக்கணும்னா 58 பறவைங்கறது கூட்டத்துல பத்துல ஒண்ணா இருபதுல ஒண்ணான்னு முதல்ல தெரியணும், அதுக்கு ரெண்டு முறையை ஒரே சீசன்ல சேர்த்து ஓட்டி, பிழை வரம்போட கீழ் எண்ணை எடுத்துக்கிட்டு அதுல இருந்துதான் பிடிக்கற கணக்கைப் போடணும், நடு எண்ணை வெச்சு இல்ல.